நாணயச்சாலை வெளியிடுவதையெல்லாம் வாங்கித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி:

"எனக்கு 66 வயது. தஞ்சை மாவட்டத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1982-ல் மளிகைக் கடையில் மீதிச் சில்லறையாகக் கைக்கு வந்த ஆசிய விளையாட்டுப் போட்டி 2 ரூபாய் நாணயத்தில் தொடங்கியது என் சேகரிப்பு. காமராசர் நூற்றாண்டு நாணயத்திலிருந்து பணம் கட்டிப் பதிவு செய்து வாங்குகிறேன். கண்ணாடி போல மெருகேற்றி அடித்த புரூஃப் செட் ஒன்று, சாதாரண முறையில் அடித்து யார் கையிலும் புழங்காத யுஎன்சி செட் ஒன்று, எதையும் விட்டதில்லை. இப்போது சமாளிக்க முடியவில்லை. ஒன்றுக்குப் பணம் கட்டி அது வீடு வந்து சேர்வதற்குள் அடுத்த இரண்டுக்கு அறிவிப்பு வந்துவிடுகிறது. வண்ணம் பூசிய வெள்ளி, ரூபாய் மதிப்பே எழுதாத வெள்ளி, அலங்காரப் பெட்டி என்று வகை கூடிக்கொண்டே போகிறது. போன மாதம் ஒரு பணத்தேவைக்காகப் பத்து செட்டை ஒரு டீலரிடம் காட்டினேன். சிலவற்றுக்கு நான் கொடுத்த விலையைக்கூட அவர் தரத் தயாராக இல்லை. நிறுத்திவிடலாம் என்றால், நாற்பது வருட சேகரிப்பில் ஓட்டை விழுந்துவிடுமே என்று மனசு கேட்கவில்லை. அரசு நாணயச்சாலையே இப்படிக் கடை விரித்தால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?"

பதில்:

அன்புள்ள ஐயா,

நிறுத்தலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சேகரிப்பில் ஓட்டை விழாது. ஏன் விழாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மதிப்பீட்டுக்காக என்னிடம் பெட்டிகளைக் கொண்டுவருகிறவர்களில் பலர் இதே பாரத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். ஆசைப்பட்டுத் தொடங்கிய ஒன்று, மாதத் தவணை கட்டுவதைப் போல ஆகிவிட்டது என்கிறார்கள்.

உங்களிடம் இருப்பதை எல்லாம் ஒரு பாயில் பரப்பிவைத்துப் பாருங்கள். மூன்று வெவ்வேறு வகைப் பொருட்கள் ஒன்றாகக் கலந்திருப்பது தெரியும். முதல் வகை, மக்கள் கைமாறிப் புழங்குவதற்கென்று அடித்து, வங்கி வழியாக வெளியே வந்த நாணயங்கள். உங்கள் 1982 நாணயம் அந்த வகை. இரண்டாவது, ரூபாய் மதிப்பு பொறித்திருந்தாலும் புழக்கத்துக்கு வராமல், பெட்டியில் வைத்து விற்பதற்கென்றே அடித்த நினைவு நாணயங்கள். மூன்றாவது வகையில் ரூபாய் மதிப்பே இருக்காது. நாணயம் போல வட்டமாக இருக்கும், அரசு நாணயச்சாலைதான் அடித்திருக்கும், ஆனால் அது காசு ஆகாது. சூவனிர், அதாவது நினைவுப்பொருள், என்ற பெயரில் விற்கப்படுகிறது.

இது என் சொந்தப் பிரிவினை என்று நினைக்க வேண்டாம். 2011-ம் ஆண்டு நாணயச் சட்டமே இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது. சட்டப்படி செல்லுபடியாகிற பணமாக இருப்பதுதான் நாணயம் என்கிறது அது. நினைவு நாணயத்தையும் நாணயத்தோடு சேர்க்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அதன் மதிப்பு இந்தியப் பணத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ரூபாய் என்ற சொல்லும் எண்ணும் இல்லாத வெள்ளி வில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தச் சட்டத்தின் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது. உண்மையான நினைவு நாணயம் ஒவ்வொன்றுக்கும் நிதி அமைச்சகம் தனியாக விதிமுறை வகுத்து அரசிதழில் வெளியிடும். எடை, விட்டம், உலோகக் கலவை, இரு பக்கமும் என்ன இருக்கும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அரசிதழைப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால் இப்போது தொடங்குங்கள். விளம்பரத் தாளைவிட அது நல்ல வழிகாட்டி.

ஆகவே, மூன்றாவது வகையை நீங்கள் வாங்காமல் விட்டால் இந்திய நாணய சேகரிப்பில் எதுவும் குறையாது. அது அந்தச் சேகரிப்பின் பகுதியே இல்லை. இந்த ஒரு முடிவிலேயே உங்கள் செலவில் நல்ல பங்கு குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வகைதான் சிக்கலானது. உங்கள் மனசு கேட்காததும் அங்கேதான்.

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-ல் நேரு மறைந்தபோது வந்தது. 1 ரூபாய், 50 பைசா. இரண்டும் கடைத்தெருவில் புழங்கின. 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு 20 பைசா, 50 பைசா, 1 ரூபாயோடு, வெள்ளியில் 10 ரூபாயும் அடித்தார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது. வெள்ளியில் ஒன்று சேகரிப்பாளருக்கு இருக்கும், சின்ன மதிப்பில் ஒன்று எல்லோருக்கும் இருக்கும். 1995-ல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் உருவம் பொறித்த காசு சில்லறையாகவே கிடைத்தது. 2009-ல் அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் நாணயத்தில் அவர் தமிழில் போட்ட கையெழுத்தையே பொறித்தார்கள். பேருந்து நடத்துநர் கொடுத்த மீதிச் சில்லறையில் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, நான் அதைச் செலவு செய்ய மனமில்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். அரசு ஒரு மனிதரை மதிக்கிறது என்பதைச் சாதாரண மக்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிறகு பாதை மாறியது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக, 2010 என்று ஆண்டு பொறித்த 1000 ரூபாய் நாணயம் வெளியானது. அதோடு 5 ரூபாயும் வந்தது. விழாவின் ஆண்டுக் கணக்கையே ரூபாய் மதிப்பாக வைக்கும் வழக்கம் பெருகியது. அம்பேத்கரின் 125-வது பிறந்த ஆண்டுக்கு 125 ரூபாய், குரு நானக்கின் 550-வதுக்கு 550, மீராபாயின் 525-வதுக்கு 525. 2023-ல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 75 ரூபாய். இந்த எண்களில் எதுவும் ஒரு கடைக்காரர் கல்லாவில் போடுகிற காசு இல்லை. பெட்டியில் பிறந்து பெட்டியிலேயே இருக்கப் போகிற நாணயங்கள் இவை.

இதற்குக் காரணம் யாருடைய பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளும் 2006 முதல் அரசுக்குச் சொந்தமான ஒரு கழகத்தின் கீழ் வந்துவிட்டன. கழகம் என்றால் வரவு செலவு பார்க்கத்தான் வேண்டும். இன்னொரு பக்கம், சில்லறைக்கான தேவை ஏறி இறங்குகிறது. 2018 ஜனவரியில், அடித்த காசை வைக்க இடமில்லாமல் நான்கு இடத்திலும் புழக்க நாணய உற்பத்தியைச் சில நாட்கள் நிறுத்த வேண்டி வந்தது. இன்று டீக்கடையிலும் யுபிஐ வந்துவிட்டது. கையில் நல்ல இயந்திரமும் தேர்ந்த கைவினைஞர்களும் இருக்கிற ஓர் ஆலை, சேகரிப்பாளர்களுக்கென்று பொருள் செய்ய நினைப்பது இயல்பு. உலகில் பல நாட்டு நாணயச்சாலைகளும் அப்படித்தான் செய்கின்றன. அவர்கள் விற்பதில் தவறில்லை. விற்பதையெல்லாம் வாங்கினால்தான் சேகரிப்பு முழுமை என்று நாம் நம்பியதுதான் நம்மைச் சிரமத்தில் விட்டது.

தபால்தலைக்காரர்கள் இந்தப் பாடத்தை நமக்கு முன்பே படித்துவிட்டார்கள். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கின் ஹாமில்டன் பேங்க் நோட் கம்பெனியைச் சேர்ந்த நிக்கோலஸ் சீபெக் என்பவர் எல் சால்வடார், நிகராகுவா, ஹோண்டுராஸ், ஈக்வடார் நாடுகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். ஆண்டுதோறும் புதுத் தபால்தலை இலவசமாக அச்சடித்துத் தருவேன், ஆண்டு முடிந்ததும் மிச்சத்தைச் சேகரிப்பாளர்களுக்கு விற்றுக்கொள்ளும் உரிமை எனக்கு வேண்டும் என்றார். ஆண்டுக்கு ஆண்டு புதுத் தொகுதி வந்துகொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் 1895-ல் லண்டனில் சேகரிப்பாளர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள். சேகரிப்பவர் பணத்துக்காக மட்டும் வெளியிடும் தலைகளை ஒதுக்குவதுதான் அதன் நோக்கம். சீபெக் அடித்த தலைகளில் பெரும்பாலானவை நூற்றுமுப்பது வருடம் ஆகியும் இன்றும் அற்ப விலைக்குக் கிடைக்கின்றன. வயதானால் விலை ஏறும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் நம்புகிற ஒன்று. அந்தத் தலைகளுக்கு வயது ஏறியது, விலை ஏறவில்லை. எல்லோரும் பத்திரமாக வைத்துக்கொண்ட பொருள் எப்படி அரிதாகும்?

உங்கள் பத்து செட்டுக்கு டீலர் குறைத்துக் கேட்டதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். 1964 நேரு ரூபாய் லட்சக்கணக்கான கைகளில் தேய்ந்தது. தேயாமல் தப்பியதற்குத் தனி மதிப்பு உண்டு. இன்றைய புரூஃப் செட் வாங்கியவர்கள் எல்லோரும் உங்களைப் போலவே உறை பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். பிறகு டீலருக்கும் கடை வாடகை, கைமுதல் முடக்கம் எல்லாம் இருக்கிறது. அவர் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் இருபது, முப்பது சதவீதம் இடைவெளி இருப்பதை நான் வழக்கமாகவே பார்க்கிறேன். அவர் உங்களை ஏமாற்றினார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இன்னும் இரண்டு பேரிடம் கேளுங்கள்.

கேட்பதற்கு முன்னால் வெள்ளிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எளிதுதான். தஞ்சைக் கோயில் 1000 ரூபாய் நாணயத்தின் எடை 35 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. ஆக 28 கிராம். நாடாளுமன்ற 75 ரூபாயும் அதே 35 கிராம்தான், ஆனால் வெள்ளி பாதிதான். மிச்சம் செம்பு 40 சதவீதம், நிக்கல் 5, துத்தநாகம் 5. ஆக 17.5 கிராம். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதலாவதில் 2,800 ரூபாய் உலோகம், இரண்டாவதில் 1,750. பெட்டி பார்ப்பதற்கு ஒன்றுபோல இருப்பதால் இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதே இல்லை. நீங்கள் கொடுத்த விலையில் உலோகம் போக மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு செட்டுக்கும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த மீதிதான் பெட்டிக்கும் வேலைப்பாட்டுக்கும் வரிக்கும் போனது. விற்கும்போது முதலில் காணாமல் போவதும் அதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உலோக விலை ஏறினால் உருக்கி விற்றுவிடலாம் என்று சிலர் உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். கேட்காதீர்கள். நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் அதே 2011 சட்டப்படி குற்றம். ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. நினைவு நாணயமும் நாணயம்தான் என்று சட்டம் சொல்வதால் அதற்கும் இது பொருந்தும்.

வெள்ளி விலையைப் பற்றிப் பேசும்போது நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் ராம் லல்லா உருவமும் அயோத்திக் கோயிலும் கொண்ட வண்ண வெள்ளி சூவனிர் வந்ததே, நினைவிருக்கும். 50 கிராம், 999 தூய்மை, ஜிஎஸ்டி உட்பட 5,860 ரூபாய். அன்றைக்கு வெள்ளி கிராம் 75 ரூபாயை ஒட்டி இருந்தது. அதாவது உள்ளே 3,750 ரூபாய் வெள்ளி. அடுத்த ஆண்டு வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் வாங்கியவர்கள் போட்ட காசு உலோகத்திலேயே திரும்பிவிட்டது. அதைக் காட்டி "பார்த்தீர்களா, நாணயச்சாலைப் பொருள் நல்ல முதலீடு" என்று இப்போது சொல்கிறார்கள். அதே 5,860 ரூபாய்க்கு அன்றைக்கே வெறும் வெள்ளிக்கட்டி வாங்கியவர் கையில் இன்னும் இருபது கிராமுக்கு மேல் கூடுதலாக இருக்கும். வெள்ளி வேண்டுமென்றால் வெள்ளியாகவே வாங்குங்கள். வழிபாட்டுக்கோ பரிசுக்கோ பிடித்து வாங்கியவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களுக்கு அந்தப் பொருள் தர வேண்டியதைத் தந்துவிட்டது.

எல்லா சேகரிப்பாளரும் உங்களைப் போல வருந்துகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு நாணயக் கண்காட்சியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்பாவை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அதே 2024-ல் வெளியான ஒற்றைக் கொம்பு காண்டாமிருக சூவனிர் பற்றிக் கேட்டாள். அதைப் பார்த்துத்தான் நாணயத்தின் மீதே ஆசை வந்ததாம். பேசி முடிப்பதற்குள் பழைய 25 பைசா காண்டாமிருக நாணயத்தைக் காட்டினேன். அதையும் வாங்கிக்கொண்டுதான் போனாள். புதிய பொருட்கள் வராவிட்டால் அந்தக் குழந்தை நம் பக்கம் திரும்பியிருக்கவே மாட்டாள். வெளிநாட்டு நண்பருக்குக் கொடுக்க நல்ல பரிசு கிடைக்கிறது என்று மகிழ்கிறவர்களும் உண்டு. ஒரே ஒரு தலைவரை, ஒரே ஒரு கோயிலை நேசிப்பவர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களுக்கு வகை கூடக் கூட சந்தோஷம். எல்லாவற்றையும் வாங்கியே தீருவேன் என்று உறுதி எடுத்துக்கொண்ட நமக்கு மட்டும்தான் இது பாரம்.

நான் இப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா, கணவர் காலமான பிறகு, இரண்டு டிரங்குப் பெட்டியோடு வந்தார். முதல் பெட்டியில் அவர் கணவர் பொடி எழுத்தில் குறிப்பு எழுதி ஒட்டிய சில்லறைக் காசுகள். எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரிடமிருந்து கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. இரண்டாவது பெட்டி முழுக்க உறை பிரிக்காத செட்டுகள், ஒன்றில்கூட ஒரு குறிப்பு இல்லை. கடைசிப் பத்து வருடத்தில் வாங்கியவை. "முதல் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பார், இதைத் திறந்து நான் பார்த்ததே இல்லை" என்றார் அந்த அம்மா. பணமதிப்பில் இரண்டாவது பெட்டிதான் பெரிது. அவர் முதல் பெட்டியை விற்க மறுத்துவிட்டார்.

உங்களுக்கு எந்தப் பெட்டி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் 1982 நாணயத்துக்கு மளிகைக் கடை நினைவு இருக்கிறது. கடைசியாக வாங்கிய ஐந்து செட்டின் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை.

சரி, இனி என்ன வாங்கலாம்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். சூவனிர் வகை முழுவதையும் விட்டுவிடுவேன். பெட்டியில் வரும் நினைவு நாணயங்களில் தமிழகம் தொடர்பானதை மட்டும் வைத்துக்கொள்வேன். காமராசர், அண்ணா, எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர்., 2024-ல் 'தமிழ் வெல்லும்' என்ற எழுத்தோடு வந்த கலைஞர் நாணயம், 2025-ல் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெளியிட்ட முதலாம் ராஜேந்திரன் நாணயம் என்று அதுவே கண்ணுக்கு நிறைவான வரிசை. தமிழாசிரியராக இருந்த உங்களுக்கு இதில் சொல்லவும் எழுதவும் நிறைய இருக்கும். அதிலும் புரூஃப், யுஎன்சி இரண்டும் எதற்கு? ஒன்று போதும். புரூஃப் என்பது மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய வில்லையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி எடுப்பது. தளம் கண்ணாடி போலவும் உருவம் பனி படிந்தது போலவும் இருக்கும். கலை வேண்டுமென்றால் அது. பட்ஜெட் முக்கியம் என்றால் யுஎன்சி.

அப்புறம், புழக்கக் காசை விட்டுவிடாதீர்கள். நீங்கள் தொடங்கிய இடம் அது. 2022 ஜூனில் விடுதலையின் அமுதப் பெருவிழாச் சின்னத்தோடு 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்கள் வந்தன. ஐந்தும் சேர்ந்தால் 38 ரூபாய். ஒரு பைசா பிரீமியம் கிடையாது. எந்த ஆலையில் அடித்தது என்று காட்டும் நாணயச்சாலைக் குறிகளைப் பார்த்துத் தேடினால் மாதக்கணக்கில் வேலை இருக்கும். அமெரிக்காவில் 1999 முதல் 2008 வரை ஐம்பது மாநிலங்களுக்கும் ஆண்டுக்கு ஐந்து என்று கால் டாலர் நாணயங்களைப் புழக்கத்திலேயே விட்டார்கள். குழந்தைகள் சில்லறையைக் கொட்டிப் பொறுக்கிச் சேர்த்தார்கள். நம் நாணயச்சாலையும் அப்படி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மாநிலத்துக்கு ஒன்று, 5 ரூபாயில், எல்லோர் கைக்கும்.

இன்னொரு வழியும் சொல்கிறேன். ஒரு புரூஃப் செட்டுக்கு நீங்கள் கட்டும் பணத்துக்கு ராஜராஜன் காலத்துச் செப்புக் காசே வாங்கலாம். ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவத்தோடு நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருக்கும். இதை ஈழக்காசு வகை என்பார்கள். ஏராளமாகக் கிடைத்திருப்பதால் சுமாரான நிலையில் உள்ளவை இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு நாணயத்துக்குப் பக்கத்தில், அந்தக் கோயிலைக் கட்டியவன் காலத்தில் புழங்கிய காசு ஒன்றை வைத்துப் பாருங்கள். எனக்கு இன்றும் அதைப் பார்த்தால் சிலிர்ப்பு அடங்காது. ரசீது தருகிற, பெயருள்ள விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். "புதையலில் கிடைத்தது" என்று யாராவது காதோடு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். புதையலை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் இருக்கிறது.

கையில் இருப்பதை என்ன செய்வது என்பது அடுத்தது. அவசரப்பட்டு மொத்தமாக விற்காதீர்கள். தமிழக வரிசையை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் இரட்டையாக இருப்பவற்றை முதலில் கழியுங்கள். டீலரைவிட இன்னொரு சேகரிப்பாளரிடம் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கும். சென்னையிலும் கோவையிலும் நடக்கும் நாணயக் கண்காட்சிகளில் இப்படிக் கைமாற்றிக்கொள்கிறவர்கள் நிறைய. விடுபட்ட ஒன்றைத் தேடுகிறவர் அங்கே கட்டாயம் இருப்பார். நாணயச்சாலை கொடுத்த உறை, சான்றுத்தாள், வெளிப்பெட்டி எல்லாம் சேர்ந்தே இருக்கட்டும். ஒன்று குறைந்தாலும் விலை இறங்கும்.

கறுத்துப்போன வெள்ளியை வீட்டில் யாரும் புளி போட்டோ விபூதி போட்டோ தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்போடுதான் செய்வார்கள், ஆனால் ஒரு புரூஃப் நாணயத்தின் கண்ணாடித் தளம் ஒரே தேய்ப்பில் போய்விடும். மென்மையான பிவிசி உறைகளில் வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும்.

நாணயச்சாலையிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அதைக் கோபமாகக் கேட்க வேண்டியதில்லை, விடாமல் கேட்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டிலும் எத்தனை அடித்தோம், எத்தனை விற்றோம் என்ற இறுதிக் கணக்கைத் தேடி எடுக்காமல் எளிதில் பார்க்கும்படி வெளியிடுங்கள் என்பதுதான் அது. அமெரிக்க நாணயச்சாலை விற்பனை எண்ணிக்கையைத் தொடர்ந்து வெளியிடுகிறது. பிரிட்டனில் 2009-ல் வந்த கியூ தாவரவியல் தோட்டம் 50 பென்ஸ் நாணயம் 2,10,000 மட்டுமே புழக்கத்துக்கு வந்தது என்ற கணக்கு வெளியே தெரிந்ததால்தான் அதற்கு இவ்வளவு தேட்டம். 2019-ல் அதே வடிவத்தைச் சேகரிப்பாளர் செட்டில் மறுபடி அடித்தபோது, ஆண்டை 2019 என்று மாற்றி அடித்தார்கள். பழையது பழையதாகவே இருந்தது. நம் நாட்டில் பிரிட்டிஷ் காலத்து அச்சுகளைக் கொண்டு பம்பாயும் கல்கத்தாவும் பிற்காலத்தில் அடித்துக் கொடுத்த மறுபதிப்புகள் இன்றும் மதிப்பீட்டாளர்களைத் திணறவைக்கின்றன. எது அன்றையது, எது பின்னாளையது என்று பிரிப்பதற்குள் கண் வலித்துவிடும். எண்ணிக்கையும் ஆண்டும் ஒளிவுமறைவில்லாமல் இருந்தால், எத்தனை வகை வந்தாலும் எது வேண்டும் எது வேண்டாம் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். உங்களைப் போல இருபது வருடமாகப் பணம் கட்டி வாங்கியவர் இதை ஒரு கடிதமாக எழுதினால் அதற்கு எடை இருக்கும். நாணயச்சாலைகளை நடத்தும் கழகத்துக்கு ஒரு பிரதி, நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் பகுதிச் சேகரிப்பாளர்கள் நாலு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

அடுத்த அறிவிப்பு வரும்போது கை துறுதுறுக்கும். உடனே பதிவு செய்யாமல் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அந்த வாரத்தில், அந்த நாணயத்தைப் பற்றி உங்கள் குறிப்பேட்டில் அரைப்பக்கம் எழுத உங்களுக்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத வந்தால் வாங்குங்கள். அரைப்பக்கம் எழுத ஒன்றும் தோன்றாத நாணயத்தை இருபது வருடம் கழித்து உங்கள் பேரப்பிள்ளைக்கு எடுத்துக்காட்டி என்ன சொல்லப் போகிறீர்கள்?

எனக்கும் ஓர் ஆவல். அந்த 1982 நாணயத்தை எடுத்து, ஆண்டு எண்ணுக்குக் கீழே உருப்பெருக்கியில் பாருங்கள். சின்ன வைர வடிவம் இருந்தால் பம்பாய். நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். எதுவுமே இல்லையென்றால் கல்கத்தா. நொய்டா 1988-ல்தான் வந்தது, அதனால் அதன் குறியான புள்ளி இருக்க வழியில்லை. எது என்று பார்த்து எழுதுங்கள்.